ஓடிப் போய் நின்ற இடம்

பெண் பார்க்கப் போன இடத்தில், "பையன் ரொம்ப குண்டு" என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் காலையே ஆரணி ஆற்றங்கரையில் ஓட ஆரம்பித்தேன்.

எழுபதுகளில் எங்கள் பக்கம் காரணமில்லாமல் யாரும் ஓடமாட்டார்கள். வயலில் நின்றவர்கள், "இன்னா நைனா, மாடு அவுத்துக்கினு பூட்ச்சா?" என்று கேட்டு, மாட்டைப் பிடிக்கக் கூடவே ஓடி வந்தார்கள்.

ஓட்டம் முடிகிற இடத்தில் கஸ்தூரியின் ஆப்பக்கடை. பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவள். நான் மூச்சு வாங்க உட்கார்ந்தால், "இப்படி ஓடிக்கினே இருந்தா உடம்பு இன்னாத்துக்கு ஆவும்? இன்னொண்ணு துன்னு" என்று சட்டியிலிருந்து சூடாக எடுத்து வைப்பாள். சட்டை இன்னும் இறுகியது. ஆனாலும் மழையில்கூட ஓடினேன்.

தை பிறந்ததும் அவளுக்குக் கல்யாணம், சூளூர்பேட்டை மாப்பிள்ளை. கடை நடந்த கடைசி நாளில், "நாளிக்கி எங்க ஓடுவே?" என்று கேட்டாள்.

"சும்மா ஓடுவேன்" என்றேன்.

அவள் சட்டியில் மாவை ஊற்றினாள்.

மறுநாள் அங்கே அடுப்புச் சாம்பல்தான் இருந்தது. திரும்பி நடந்தே வந்தேன். அப்புறம் ஓடவில்லை. சோறும் இறங்கவில்லை. சித்திரைக்குள் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. "ஓடுனது வீண் போவல" என்று ஊரே மெச்சியது.

ஓடினால் உடம்பு குறையுமா என்று இப்போதும் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஓடிப் போய் எங்கே நிற்பீர்கள் என்று கேட்க வாய் வரை வருகிறது.