ஆழ்வாப்பிள்ளையின் அறுபது கிராம்

"பேணியின்ரை பாரத்தைக் கழிச்சுப்போட்டுச் சொல்லும்," என்று வாகீசன் கடைத் தராசை முறைத்துக்கொண்டு நிற்கிறார் ஆழ்வாப்பிள்ளை. அந்தத் தகரப் பேணியில் இருப்பது அவர் வீட்டுச் சம்பா அரிசி. கடையில் ஒரு தீப்பெட்டிகூட வாங்குவதில்லை. அரிசியை நிறுக்க மட்டுமே காலையில் சரவணை ஒழுங்கை முழுக்க நடந்து வருகிறார்.

"இருநூற்று நாப்பது கிராம், அண்ணை. நேற்றும் இதுதானே."

"நேற்றுத் தலை தட்டினது வேறை, இண்டைக்குத் தட்டினது வேறை," என்று சொல்லிப் பேணியைத் துவாயால் மூடிக்கொண்டு புறப்படுவார்.

அவருக்குச் சலரோகம், அதுதான் சீனி வருத்தம். ஒரு நேரத்துக்கு அறுபது கிராம் அரிசி என்பது டொக்டர் தாளில் எழுதிக் கொடுத்த கட்டளை. மனைவி சறோஜினிதேவி மகள் பவதாரணியின் பிள்ளைப்பேறு பார்க்க லண்டனுக்குப் போகும்போது, அந்தத் தாளைக் குசினி அலுமாரியில் ஒட்டிவிட்டுப் போனார். நாற்பது வருடமாக அவர் ஆக்கியதெல்லாம் சுண்டு என்கிற அளவுப் பேணிக் கணக்கில்தான். கிராம் என்றால் என்னவென்று அந்தக் குசினி அறியாது. ஆழ்வாப்பிள்ளை அறிவார். நில அளவைத் திணைக்களத்தில் முப்பது வருடம் சங்கிலி பிடித்தவர். "பரப்பை ஏக்கராக்கினனான், ஏக்கரைப் பேர்ச்சாக்கினனான். ஒரு பேணி அரிசியைக் கிராமாக்க ஏலாதோ எனக்கு?"

ஏலும், நன்றாகவே ஏலும். என்ன, அவருடைய கணக்கு எப்போதும் வயிற்றுப் பக்கம்தான் சாயும். ரின்பால் பேணி நிறைய இருநூற்று நாற்பது என்றால், அறுபது கிராம் கால் பேணி. அதைக் கண்டதும் மனிதரின் முகம் தொங்கிப்போயிற்று. "ஒரு கோப்பை சோறு எண்டும் சொல்லலாம், ஐயா," என்று கிளினிக் தாதி மேரிசுகந்தி இரக்கப்பட்டுச் சொல்லிவிட, வீட்டிலிருந்த கோப்பைகளுக்குள் வாளிக்குத் தங்கச்சி போன்ற ஒன்றைத் தேடி எடுத்தார். அந்தக் கோப்பை லண்டன் வீடியோ அழைப்பில் மனைவியிடம் பிடிபட்டதும் கிராமுக்கே திரும்பினார், ஆனால் அவலோடு. அறுபது கிராம் அவல் பேணியில் பாதிக்கு மேலே நின்றது. அன்று முழுக்க ஆளுக்குச் சந்தோசம். அவல் அலுத்த பிறகு கால் பேணியில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். கோடு வரைக்கும் அரிசி, அதன் நடுவில் ஒரு குவியல். "கோடுதான் அளவு. குவியல் அளவிலை சேராது."

மத்தியானத்தில்தான் லண்டனிலிருந்து அந்த வீடியோ அழைப்பு வரும். போன கிழமை சறோஜினிதேவி ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார்: "வியாழக்கிழமை கிளினிக்கிலை சீனி கூடவெண்டால் நான் உடனை பிளேன் ஏறுவன். குறைஞ்சிருந்தால் இன்னும் மூண்டு மாதம் நிண்டு வாறன். பவதாரணிக்குத் தனிய ஏலாமல் கிடக்கு."

"நில்லுமன். இஞ்சை எனக்கு ஒரு குறையும் இல்லை," என்றார் ஆழ்வாப்பிள்ளை. சுத்தப் பொய். மனைவி இல்லாத வீட்டில் மனிதருக்கு இருக்கவும் பிடிக்கவில்லை, கிடக்கவும் பிடிக்கவில்லை. அவர் வந்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை; அதைச் சொல்லத்தான் வெட்கம்.

வியாழக்கிழமை மேரிசுகந்தி கிளினிக் கொப்பியில் எழுதிக்கொண்டே சிரித்தார். "நூற்றுப் பதினெட்டு. வலு திறம், ஐயா. அளவாய்ச் சாப்பிடுறியள் போலை."

சாப்பிட்டால்தானே. குவியலும் கோடுமாக அளந்து ஆக்கியது உண்மை. தனியே கதிரையில் இருந்து தன் கைச் சமையலை நாலு வாய் வைத்ததும் எழுந்துவிடுவார்; மிச்சமெல்லாம் முற்றத்துக் கோழிகளுக்கு. மூன்று மாதத்தில் கோழிகள் கொழுத்துவிட்டன. இத்தனை கணக்குப் பார்த்தவர் அதை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ட்டைக் கழற்றுமுன் கைபேசி அடித்தது.

"என்னவாம்? எவ்வளவு?"

திரையில் சறோஜினிதேவிக்குப் பின்னால், கைக்குழந்தையைத் தோளில் போட்டபடி நின்ற நிலையிலேயே தூங்கி விழுந்துகொண்டிருந்தாள் பவதாரணி. ஆழ்வாப்பிள்ளை மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். கொப்பியை விரித்துத் திரைக்கு நேரே பிடித்தார். கட்டைவிரல் சரியாக அந்த நூற்றுப் பதினெட்டின் மேல் இருந்தது.

"தெரியேல்லையே. விரலை எடுங்கோ."

கொப்பியை இன்னும் கிட்டப் பிடித்தார். விரலை எடுக்கவில்லை.