ஒன்பது மொழியில் ஒரு ‘வா’

என் சொந்த மகளின் கலியாண வரவேற்பில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பதினொரு நிமிடம் ஓர் எழுத்தைப் பற்றிப் பேசியவன் நான். நிமிடக் கணக்கு என்னுடையதல்ல, வீடியோக்காரருடையது. “அங்கிள், உங்கட ஸ்பீச் லெவன் மினிட்ஸ் வருது. தாலிகட்டே நாலு நிமிசம்தான். என்ன செய்வம்?” என்று பிறகு கேட்டார். நாலாவது நிமிடத்தில் சம்பந்தி ஃபோனை எடுத்துத் தடவத் தொடங்குவதும், ஏழாவது நிமிடத்தில் மகள் மணவறைக் கதிரையிலிருந்து என்னைப் பார்ப்பதும் அதில் தெளிவாக விழுந்திருக்கின்றன. அந்தப் பார்வையை விளக்கத் தேவையில்லை. மகள் உள்ளவர்களுக்குத் தெரியும்.

அந்த எழுத்து ‘வா’.

நான் பிழைப்புக்கு ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் மேசை தேய்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பத்திரிகையில் நகைச்சுவைப் பத்தி எழுதுகிறேன். நகைச்சுவை என்று சொன்னது ஆசிரியர். வாசகர்கள் இன்னும் உறுதி செய்யவில்லை. இந்த இரண்டு வேலைக்கும் நடுவில் எனக்கொரு நண்பர் கிடைத்தார். கொட்டாஞ்சேனைக்காரர், ஹார்பரில் வார்ஃப் கிளார்க். வந்து நிற்கிற கப்பலின் கடதாசிகளைத் தூக்கிக்கொண்டு சுங்கத்துக்கும் எங்கள் அலுவலகத்துக்கும் இடையில் நாள் முழுக்க நடப்பதுதான் அந்த உத்தியோகம். தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு இறங்கியவர்கள். இவர் பிறந்தது கொட்டாஞ்சேனையில் ஒரு லேனில். இன்றைக்கும் அதே லேன், அதே வீடு. என்னைவிட ஐந்து வயது இளையவர். அவர் என்னை ‘அண்ணே’ என்பார், ‘நீங்க’ என்பார். நான் அவரை ‘ஐசே’ என்பேன், ‘நீர்’ என்பேன். இருபது வருடத்தில் இது மாறவில்லை. மாற வேண்டும் என்று எனக்குத் தோன்றவுமில்லை.

ஒரு நாள் அவர் சிரித்துக்கொண்டே என் மேசைக்கு வந்தார்.

“அண்ணே, இத்தாலிக் கப்பல் ஒண்ணு. ஏணிக்கு மேல நின்ன மனுசன்கிட்ட கையெழுத்து வாங்கணும். ‘வா, வா’ன்னு கூப்பிடுறேன், அந்தாளு உள்ள போயிட்டாருங்க. மறுபடியும் கூப்பிட்டா, கதவையே சாத்திட்டாரு. அப்புறம் அவங்க கப்பல் குசினியில சமையல்காரன்கிட்ட கேட்டேன். அவங்க பாசையில ‘வா’ன்னா போறதாம்.”

அந்த வாரப் பத்திக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் அவர் நிறுத்தவில்லை. எந்தக் கப்பல் வந்தாலும் கடதாசி வேலை முடிந்ததும் யாராவது ஒரு மாலுமியைப் பிடித்து, உங்கள் ஊரில் ‘வா’ என்றால் என்ன என்று கேட்பார். சிகரெட் பெட்டியின் உள்தாளில் எழுதிக் கொண்டுவந்து என் மேசையில் வைப்பார். அரபிக்காரருக்கு அது ‘உம்’; உப்பும் புளியும் என்பதில் வருகிற ‘உம்’. ஜப்பான்காரருக்கு இணக்கம். பர்மாக்காரருக்கு வயிறு நிறைந்தது, உடம்பு பெருத்தது. சுவீடன்காரர் காது கேட்காதபோது ‘என்ன?’ என்பதற்குப் பதில் அதைச் சொல்கிறார். ஹொங்கொங் சமையல்காரருக்கு அது பேச்சு. நான் என் பங்குக்குப் புத்தகத்தைப் புரட்டி இரண்டு சேர்த்தேன்: சமஸ்கிருதத்தில் ‘அல்லது’, சிங்கள வைத்தியரிடம் போனால் மூட்டுப்பிடிப்பு. இதில் பாதி உதட்டைக் கடித்துச் சொல்கிற ‘வா’, பாதி உதட்டைக் குவித்துச் சொல்கிற ‘வா’ என்று படித்த வாசகர் ஒருவர் கடிதம் போட்டார். தமிழனுக்கு உதடு ஒன்றுதான் என்று பதில் எழுதினேன்.

கடைசியாக வந்தது சமோவாத் தீவுக்காரர் ஒருவரிடமிருந்து. அங்கே ‘வா’ என்றால் இரண்டு பேருக்கு இடையில் இருக்கிற இடமாம். அதைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டுமாம், முற்றம் கூட்டுகிற மாதிரி. நண்பருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. ஆகவே பத்தியில் விட்டுவிட்டேன்.

இதையெல்லாம் என் பெயரில்தான் எழுதினேன். முதல் தடவை ‘துறைமுக நண்பர் ஒருவர்’ என்று போட்டேன். பிறகு இடம் காணாது என்று அதையும் எடுத்தேன். அவர் அதற்குப் பிறகும் தாள்களைக் கொண்டுவந்து வைத்தார். கிறிஸ்தவர்; வருடாவருடம் நத்தாருக்கு மனைவி செய்த கேக்கை எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். என் அப்பா செத்தபோது மூன்று நாளும் வந்து, கதிரை இறக்கி, கதிரை ஏற்றி, ஐயருக்கு ஓட்டோ பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அவர் வீட்டுக்குப் போனது இருபது வருடத்தில் இரண்டு முறை. ஒருமுறை மழைக்கு ஒதுங்கியது.

இப்போது கலியாணத்துக்கு வருகிறேன். எங்கள் ஆட்களிடம் கலியாணத்துக்கு அழைக்கிறது என்ற பேச்சில்லை, கலியாணம் ‘சொல்லுறது’. புருசனும் மனைவியும் சோடியாக, தட்டில் கார்டும் குங்குமமும் சந்தனமும் வைத்து, வீடு தேடிப் போய், உட்கார்ந்து, அவர்கள் தருகிற சோடாவைக் குடித்து, எழும்பி நின்று இரண்டு கையாலும் கார்டைக் கொடுத்து, “கட்டாயம் குடும்பமாய் வாங்கோ” என்று வாயால் சொல்ல வேண்டும். வீடு பூட்டியிருந்தால் கார்டைக் கதவுக்குக் கீழே தள்ளிவிட்டு வருவது கணக்கில்லை. திரும்பப் போக வேண்டும். சொல்லாத வீட்டிலிருந்து ஆள் வராது. வரவும் கூடாது. கூப்பிட்டது காதில் விழாதவன் சாப்பாட்டுக்கு வந்து நிற்கிறான் என்றாகிவிடும்.

ஒன்றரை மாதம் ஞாயிறு தவறாமல் ஊர் சுற்றினோம். ஹெவ்லொக் டவுனில் மனைவியின் ஒன்றுவிட்ட அக்காமார் மூன்று பேர், மூன்று பேருக்கும் ஆளுக்காள் பேச்சுவார்த்தையில்லை, ஆகவே மூன்று நாள். நுகேகொடையில் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் ஒருவர். என் எழுத்தைப் பற்றி ஒரு கூட்டத்தில் “வாசிக்கலாம், பாதகமில்லை” என்று சொன்னவர். அவரை நான் மனதாரச் சகிக்கமாட்டேன். முதல் இரண்டு முறையும் அவர் வீட்டில் நாய் மட்டும் இருந்தது. மூன்றாம் முறை போய், சொல்லி, அவருடைய சீனி வருத்தக் கதையை, மாத்திரை ஊசி உட்பட, முழுவதும் கேட்டுவிட்டு வந்தோம்.

மனைவி பட்டியலைப் பார்த்தாள்.

“இஞ்சருங்கோ, கொட்டாஞ்சேனைக்கு எப்ப போறது?”

“அவருக்கு என்னத்துக்கு இந்தச் சடங்கெல்லாம்? அவர் எங்கட ஆள்.”

“எங்கட ஆள் எண்டா முதல் போயிருக்கோணும்.”

“நான் அவருக்கு வேற மாதிரிச் சொல்லுறன், பாரும்.”

வேறு மாதிரிதான் சொன்னேன். இரண்டு மாலை உட்கார்ந்து வட்ஸ்அப்பில் ஒரு செய்தி எழுதினேன். ஒன்பது மொழியில் ‘வா’. இத்தாலியன் மாதிரிப் போய்விடாமல், பர்மாக்காரன் மாதிரி வயிறு நிறைய, மூட்டுப்பிடிப்பு இருந்தாலும் பரவாயில்லை, வா, வா என்று அடுக்கிக்கொண்டே போனது. சமோவாவை இதிலும் சேர்க்கவில்லை, சிரிப்பின் ஓட்டம் கெட்டுவிடும் என்று. கீழே கார்டின் படம். அனுப்பிவிட்டு நானே நாலு தரம் வாசித்துச் சிரித்தேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் கும்பிடுகிற இரண்டு கை வந்தது.

“பாரும், வாறாராம்,” என்று மனைவியிடம் காட்டினேன்.

“அதில எங்க வாறன் எண்டு கிடக்கு?” என்றாள்.

வரவேற்பன்று முன் வரிசையில் இரண்டு கதிரையில் என் சால்வையைப் போட்டு இடம் பிடித்து வைத்தேன். அந்தப் பேச்சே அவருக்காகத்தான். சிரிக்க வேண்டிய இடங்கள் எல்லாம் அவருக்குத் தெரியும், அவர் சிரித்தால் மண்டபமும் பின்னால் வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். மைக் கைக்கு வந்தபோதும் கதிரைகள் வெறுமையாய் இருந்தன. ட்ராஃபிக்காக இருக்கும், இப்போது வருவார், இந்த ஜப்பான்காரன் முடிவதற்குள் வருவார் என்று நீட்டிக்கொண்டு போனேன். பதினொரு நிமிடம் ஆனது அதனால்தான். நுகேகொடைக்காரர் நடுவில் எழும்பி வந்து, என் சால்வையை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, அந்தக் கதிரையில் உட்கார்ந்து சோடா குடித்தார்.

அடுத்த வாரம் ஃபோன் எடுத்தேன். “கொஞ்சம் வேலையாப் போச்சுங்க அண்ணே. பிள்ளைங்க நல்லா இருக்கட்டும்,” என்றார். பிறகும் அலுவலகத்துக்கு வந்தார், கடதாசிகளை வைத்தார், கையெழுத்து வாங்கினார், போனார். முன்பெல்லாம் என் மேசைக்கு முன்னால் உள்ள கதிரையை இழுத்து உட்கார்வார். இப்போது நின்றபடியே. கப்பல்கள் வந்துகொண்டுதான் இருந்தன. சிகரெட் பெட்டித் தாள் ஒன்றும் வரவில்லை. மூன்று வாரம் இதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு, கலியாண கேக்கும் பலகாரமும் எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

லேன் ஒடுக்கம். ஓட்டோ உள்ளே போகாது. நடந்துபோகும்போது இரண்டு பக்கத்து வாசலிலும் ஆட்கள் எங்களைப் பார்த்தார்கள், எங்கள் கையில் இருந்த பெட்டியையும் பார்த்தார்கள். நண்பர் வாசலுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனார். மரியாதைக்கு ஒரு குறையுமில்லை. “உக்காருங்கண்ணே, உக்காருங்க அண்ணி,” என்று காற்றுக்கு ஃபானை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார். கதிரைகளுக்குப் புது உறை போட்டிருந்தது, மடிப்பின் கோடுகூட இன்னும் போகவில்லை. அவருடைய மனைவி சோடா கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார்.

என் மனைவிதான் தொடங்கினாள். “நீங்கள் வராதது எங்களுக்குப் பெரிய கவலை.”

நண்பர் ஃபானைப் பார்த்தார். அவருடைய மனைவி அவரைப் பார்த்தார். புருசன் சொல்லமாட்டார் என்று தெரிந்ததும் மனைவியே சொன்னார்.

“மூணு ஞாயித்துக்கிழமை பார்த்தோங்க அக்கா. எப்பவும் ஒன்பது மணிப் பூசைக்குப் போறவ, விடியக்காலைப் பூசைக்குப் போயிட்டு ஓடி வந்தேன், நீங்க வந்து பூட்டின வீட்டைப் பார்த்துட்டுப் போயிறக்கூடாதுன்னு. கதிரை உறை தைச்சேன். கேக் அடிச்சு வச்சேன். இவரு லேன் முழுக்கச் சொல்லி வச்சிருந்தாரு, வெள்ளவத்தையில இருந்து அண்ணன் சோடியா கலியாணம் சொல்ல வர்றாருன்னு. எதிர்வீட்டு அக்கா ஒவ்வொரு ஞாயிறும் எட்டிப் பார்த்து, ‘வந்தாங்களா, வந்தாங்களா’ன்னு கேட்பாங்க. மூணாவது ஞாயிறு அவங்களும் கேக்கல.”

“மெசேஜ் போட்டனே,” என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாகக் கேட்டது என்று எனக்குத் தெரிந்தது.

“பார்த்தோங்க. இவரு வாசிச்சுக் காட்டினாரு. இவரு சிரிக்கல,” என்றார் அவர்.

“அதை விடு,” என்றார் நண்பர்.

நுகேகொடைக்கு மூன்று முறை போனதை நான் சொல்லவில்லை. என் மனைவியும் சொல்லவில்லை, ஆனால் சோடாக் கிளாசுக்கு மேலால் ஒருமுறை என்னைப் பார்த்தாள். ‘எங்கட ஆள்’ என்று நாங்கள் ஒருவரைச் சொல்வது, இனி அவருக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று தீர்மானித்த பிறகுதான். அந்த முகாமையாளருக்கு ஃபோனில் செய்தி அனுப்ப எனக்கு ஏன் தோன்றவில்லை என்ற கேள்வியும் இருக்கிறது. அந்த வீட்டின் வாசல் அகலம், முற்றத்தில் இரண்டு கார் நிற்கும். அதற்குமேல் அந்தக் கேள்வியை நான் நோண்டவில்லை. அகலமான கேட்டுக்கு இரண்டு கையாலும் கொடுக்கத் தெரிந்தவனுக்கு, ஒடுக்கமான லேனுக்கு ஒரு விரல் போதுமாக இருந்தது. இதை இப்படி அழகாகச் சொல்ல வருகிறதே, இதுதான் என் வியாதி.

“அண்ணே, மனசுல வச்சுக்காதீங்க. ஒண்ணுமில்ல,” என்றார் நண்பர். அவர் குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம். சுங்கத்தில் உத்தியோகத்தரிடம் பேசுகிற அதே பதமான குரல்.

என்னால் சும்மா போக முடியவில்லை. எழும்பி நின்றேன்.

“வாற ஞாயிறு எழுதப்போறன். முழுப் பத்தியும். அந்தச் சொல்லெல்லாம் சேர்த்துத் தந்தது நீர்தான் எண்டு. உம்மட வீட்டுக்கு வந்து சொல்லாமல் விட்டது என்ர பிழை எண்டு. உம்மட பேரைப் போட்டு, பகிரங்கமாய் மன்னிப்புக் கேட்டு எழுதுறன்.”

நண்பர் தலையைக் குனிந்துகொண்டார். கண் கலங்கிவிட்டதோ என்று நான் ஆசையோடு பார்த்தேன்.

அவருடைய மனைவி வெறும் கிளாசுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்:

“எழுதி என்னங்க பண்ண? இந்த லேன்ல யாரும் அந்தப் பேப்பர் எடுக்கிறதில்ல.”