பின் சக்கரம் தூக்குமா?

என் மனைவி கையேடு எழுதுகிறவள். மனிதர்களுக்கு அல்ல, சொன்ன வேலையைத் தாமே செய்து முடிக்கும் ஏஐ ஏஜென்ட்களுக்கு. எண்களே இல்லாமல் எக்ஸ், ஒய் என்று எழுத்துகளை வைத்தே சமன்பாடுகளைத் தீர்க்கும் கணித மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதிலுள்ள ஒவ்வொரு கருவியும் என்ன செய்யும், எதைக் கொடுத்தால் எது திரும்ப வரும் என்று அந்த ஏஜென்ட்களுக்குப் புரியும்படி எழுதுவது அவள் வேலை. அதற்கு முன்பு பாடநூல் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். ஆகவே வீட்டில் எனக்குக் கிடைப்பதும் பேச்சல்ல, கையேடுதான். “பால அடுப்புல வைங்க. பொங்கி வந்ததும் அணைங்க. அணைச்சப்புறம் மூடுங்க.” ஒருமுறை மூடிவிட்டு அணைத்தேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

“மனுஷங்களுக்குப் பாதி சொன்னா மீதிய அவங்களே புரிஞ்சுக்குவாங்க. இதுங்களுக்கு நாம சொல்லாம விட்டா, அதுவா ஒரு முடிவுக்கு வந்துடும்” என்பாள். என்னை எந்தப் பக்கம் சேர்த்திருக்கிறாள் என்று நான் கேட்டதில்லை.

எனக்கு ஒரு சின்னப் பட்டறை. படுக்கையில் கிடப்பவர்களைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைக்கும் வண்டி செய்கிறோம். நான்கு சக்கரச் சட்டம், அதன் மேல் ஒரு தூண், தூணிலிருந்து நீளும் கை, கையில் தொங்கும் துணித்தொட்டில். கை அளவுக்கு மீறி நீண்டால் பின் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும். அப்புறம் ஆளோடு சேர்ந்து வண்டி குப்புற விழும்.

தெருமுனையில் முடிவெட்டும் அண்ணன் தன் மனைவிக்காக ஒரு வண்டி கேட்டார். அந்த அக்கா இடுப்பெலும்பு உடைந்து மழைக்காலம் முழுக்கப் படுக்கையிலேயே கிடந்தார். அறை குறுகல், வண்டியைக் கட்டிலின் கால்மாட்டில்தான் நிறுத்த முடியும் என்பதால் கை வழக்கத்தைவிட நீளமாக வேண்டும். கணக்கைப் பட்டறைக் கணினியிலிருந்த ஏஜென்ட்டிடம் கொடுத்தேன். அது என் மனைவியின் கையேட்டைப் படித்து அதே மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறது. கை எவ்வளவு நீண்டாலும் பின் சக்கரம் தூக்காது என்று பதில் வந்தது. பட்டறையில் இடமில்லாததால் கையைப் பாதி மட்டும் நீட்டி, மணல் மூட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். அசையவில்லை. அனுப்பிவிட்டேன்.

மதியம் சாப்பிடும்போது பெருமையாக இதைச் சொன்னேன். அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

“எவ்வளவு நீண்டாலுமா? அது எப்படிங்க முடியும்? அது போட்ட கணக்கக் காட்டுங்க.”

போனில் காட்டினேன். ஒரே ஒரு வரியில் அவள் விரல் நின்றது. பின் சக்கரத்தின் மேல் விழும் பாரத்தைக் குறிக்கும் எழுத்துக்குப் பக்கத்தில், ‘எப்போதும் பூஜ்யத்துக்கு மேல்’ என்று ஒரு நிபந்தனை.

“பாரம் பூஜ்யத்துக்குக் கீழ போனாத்தான் சக்கரம் தூக்குதுன்னு அர்த்தம். போகவே போகாதுன்னு முதல்லயே எழுதி வெச்சுட்டு, போகுமான்னு கேட்டா வேற என்ன சொல்லும்?”

“யாரு அதுக்கு இதச் சொல்லிக்கொடுத்தது?”

தட்டைத் தள்ளிவைத்தாள். “நான்தாங்க.”

கையேட்டில் அவள் கொடுத்திருந்த எடுத்துக்காட்டு ஒரு தண்ணீர்த் தொட்டியின் உயரம். உயரம் பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்பதால் அந்த நிபந்தனையைச் சேர்த்திருந்தாள். ஏஜென்ட் அதை ஈயடிச்சான் காப்பி அடித்து, சக்கரத்துக்கும் போட்டுவிட்டது.

அண்ணனுக்குப் போன் அடித்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் வீடு இரண்டு தெரு தள்ளி. என் மனைவி மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினாள், பின்னால் நான். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஓடி நான் பார்த்ததில்லை.

உள்ளே போனால், வண்டி கட்டிலோடு ஒட்டி நிற்கிறது. கை முழுசாக நீண்டிருக்கிறது. துணித்தொட்டில் அக்காவுக்கு அடியில் விரித்தாயிற்று. அண்ணன் மட்டும் கத்தரிக்கோலோடு நிற்கிறார்.

“கொஞ்சம் இருங்க தம்பி. முடி வெட்டாம எந்திரிக்க மாட்டேன்னு அடம் பிடிக்கிறா. ஊருக்கெல்லாம் வெட்டுறேன், எனக்கு வெட்ட நேரமில்லையாங்கிறா.”

போன உயிர் திரும்பி வந்தது. என் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நிதானமா வெட்டுங்கண்ணே. பின்னாடியும் நல்லா வெட்டுங்க” என்றாள். விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் அவசரமாகத் தொட்டிலை வண்டியிலிருந்து கழற்றினார். அக்காதான் சிரித்தார்.

அங்கேயே உட்கார்ந்து கையேட்டைத் திருத்தினாள்: “இந்த நிபந்தனை இந்த எடுத்துக்காட்டிலுள்ள உயரத்துக்கு மட்டும் பொருந்தும். நீ தேடும் அளவு பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடுமானால் இதைச் சேர்க்காதே.” மறுபடி ஏஜென்ட்டிடம் கேட்டோம். கை முக்கால் பங்கைத் தாண்டினால் பின் சக்கரம் எழும்பும் என்றது. நான் பட்டறைக்கு ஓடி இரும்புக் கட்டிகளையும் மணல் மூட்டையையும் கொண்டுவந்து, கட்டிகளைச் சட்டத்தின் பின்னால் முடுக்கினேன். அந்த எடையையும் சேர்த்துக் கணக்குப் போடவைத்தாள். பிறகு கையை முழுசாக நீட்டி, அக்காவைவிடக் கனமான அந்த மூட்டையைத் தொங்கவிட்டோம். நின்றது.

புது முடியோடு அக்கா மெல்ல எழும்பியபோது அண்ணனும் நானும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் மனைவி தரையில் படுத்து, ஒரு தாளைப் பின் சக்கரத்துக்கு அடியில் செருகிப் பார்த்தாள். நுழையவில்லை. அடுத்த சக்கரத்துக்குத் தவழ்ந்து போனாள். அங்கும் நுழையவில்லை.

“கீழ என்னம்மா பண்றே?” என்று தொட்டிலிலிருந்து அக்கா கேட்டார்.

“ஒண்ணுமில்லக்கா” என்றாள்.

அக்காவின் பாதம் நாற்காலிக்குக் கீழே தரையைத் தொட்ட பிறகுதான் அவள் எழுந்தாள்.