ஒரே பீடத்தில் இரண்டு பேர்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வைமாரில் ரயில் ஏறினேன். ஜேர்மனியில் சின்ன ஊர் அது. அங்கே ஒரு ஹோட்டல் குசினியில் எனக்குச் சமையல் வேலை. பாரிசுக்கு டிக்கெட் அறுபத்தொன்பது யூரோ. பிராங்பேர்ட்டில் மாறவேண்டும்.

எங்கள் ஊர் நாடக அரங்குக்கு முன்னால் ஒரு சிலை இருக்கிறது. பழைய எழுத்தாளர் இரண்டு பேர், ஒரே பீடத்தில். சிநேகிதர். ஒருத்தர் கண்ணால் கண்டதை ஆற அமர எழுதுவாராம். மற்றவர் மனதில் கொதித்ததை எழுதுவாராம். ஒருத்தர் எழுதினதை மற்றவர் வாசித்துக் குறை சொல்லுவாராம். கொதித்தவர் முந்திச் செத்துப் போய்விட்டார். மற்றவர் கனகாலம் தனிய இருந்தார்.

இதெல்லாம் எனக்குச் சொன்னது நாதன் அண்ணை. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். அகதி முகாமில் இரண்டு பேருக்கும் ஒரே அறை. ஞாயிறுகளில் அந்தச் சிலைக்குக் கீழே இருந்து பாண் தின்போம். "கொதிக்கிறவர் நான். மற்றது நீ" என்பார். பிறகு அவர் பாரிசுக்குப் போய்விட்டார்.

எழுத்தை மட்டும் அவர் விடவில்லை. எங்கடை ஆட்களின் கலியாணத்தில் வாழ்த்துமடல் வாசித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுப்பது வழக்கம். ஆர் கேட்டாலும் அண்ணை எழுதிக் கொடுப்பார். நிலவு, தாமரை, தேர் எல்லாம் வரும். எழுதிப் போனில் எனக்கு வாசிப்பார். நான் "வெட்டுங்கோ" என்பேன். ஏசுவார். பிறகு வெட்டுவார்.

மாசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு நின்றுவிட்டது. "ஓம்" மட்டும் வரும். வைகாசியில் அவருடைய மகளுக்குக் கலியாணம்.

"நீ கலியாணத்துக்கு முந்தியே எழுதிக்கொண்டு வா தம்பி. அவர் எழுதுற மாதிரி எழுது" என்று அவருடைய மனிசி ராணி அக்கா போனில் சொன்னா.

ரயிலிலும் எழுதினேன். எல்லைக்குக் கிட்ட ஒரு நிலவு சேர்த்தேன்.

பகல் ஒன்றரைக்குப் பாரிஸ். கிழக்கு ஸ்ரேசனில் இறங்கி வடக்கே கால்மணி நேரம் நடந்தால் லாச்சப்பல், எங்கடை ஆட்களின் கடைத்தெரு. பூக்கடை, சேலைக்கடை, நகைக்கடை. ஒரு மரக்கறிக்கடை வாசலில் முருங்கைக்காய்க் கட்டு நாலு யூரோ. அக்கா வரச் சொன்ன தேத்தண்ணிக்கடைக்கு அந்தக் கடைக்காரரிடம் வழி கேட்டேன்.

"அண்ணை ஜேர்மனியோ?"

"ஓம்."

"எத்தினை நாள் நிப்பியள்?"

"நாளைக்குப் போறன்."

"உங்கடை ஊரிலை கதைக்கிறதுக்கும் காசோ?" சிரித்துக்கொண்டே கையைக் காட்டினார்.

மூலை மேசையில் அண்ணை இருந்தார். மெலிந்துவிட்டார். வலது கை மடியில் கிடந்தது. என்னைக் கண்டதும் இடது கையைத் தூக்கினார்.

"வந்திட்டான் உங்கடை ஊமை" என்றா ராணி அக்கா. கதை குறைந்த எனக்கு அண்ணை வைத்த பேர் அது. சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்தினா. அண்ணையின் தோள் குலுங்கியது. சிரிப்புத்தான்.

தேத்தண்ணி வந்தது. கடதாசியை எடுத்து வாசித்தேன். அவ்வளவு நேரம் நான் ஒருநாளும் கதைத்ததில்லை. நிலவு வந்தது. தாமரை வந்தது. மகள் தேரில் வந்தாள். நாங்கள் பிறந்த கரையின் கடலும் வந்தது. பக்கத்து மேசைக்காரர் ரோல்சைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

அண்ணையின் வாய் கோணியது. முகம் சிவந்தது. நான் நிறுத்தினேன்.

"என்னப்பா, தண்ணியோ?" அக்கா எழும்பினா.

அவர் தலையாட்டவில்லை. இடது கையைக் கத்தி மாதிரி நிமிர்த்தி மேசையில் வைத்தார்.

"வெ... வெட்டு."

எழும்பின அக்கா திரும்ப இருந்தா. பிறகு அழுதுகொண்டு சிரித்தா. "ரெண்டு மாசமா வராத சொல்லு. வந்ததும் உன்ரை சொல்லடா!"

வெட்டினோம். நான் ஒவ்வொரு வரியாக விரல் வைப்பேன். அவர் மேசையில் தட்டினால் அது போச்சு. நிலவு போனது. தாமரை போனது. தேரும் போனது. கடலில் விரல் வைத்தேன். தட்டவில்லை.

"இதையும் வெட்டுவமோ அண்ணை?"

என் விரலைப் பிடித்து அப்பால் தள்ளினார்.

நாலு வரி மிஞ்சியது. கலியாணத்துக்கு அது காணும்.

இரவு பாரிசுக்கு வெளியே திரான்சியில் அவர்கள் வீட்டில் படுத்தேன். ஞாயிறு காலை வாசலில் அண்ணை என் மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றார். "வாறன் அண்ணை" என்றேன். "ஓம்" என்றார். கையை மட்டும் விடவில்லை. அக்காதான் எடுத்துவிட்டா.

திங்கள் விடிய வேலைக்குப் போகும்போது சிலையடியில் நின்றேன். இரண்டு பேரும் ஒரே இலைமாலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆர் ஆருக்குக் கொடுக்கிறார் என்று இண்டைக்கும் எனக்குத் தெரியாது. மேலே நிலவு இன்னும் போகவில்லை. சிலையையும் நிலவையும் சேர்த்துப் படம் எடுத்து அண்ணைக்கு அனுப்பினேன்.

நிலவைக் கண்டால் வெட்டச் சொல்லுவார். போனைக் குசினியில் கைக்கெட்ட வைத்திருக்கிறேன்.