கிணற்று மூடிமேல் உட்கார்ந்த நாள்

எங்கள் வீட்டுப் பின்பக்கம் சாயப்பட்டறை. பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுவது எங்கள் கிணற்றுத் தண்ணீரில்தான். கிணற்றுக்குள் பாதி ஆழத்தில், பாறையில் வெட்டிய மேடைமேல் மோட்டார் இருக்கும். கிணற்றின் வாயைக் கான்கிரீட் போட்டு மூடி, ஆள் இறங்குவதற்கு மட்டும் ஒரு தகரக் கதவு வைத்திருக்கிறோம். காற்றழுத்தத் தாழ்வு என்று டிவியில் சொல்லிவிட்டால் போதும், ஆரணியில் இப்படிக் கிணறு உள்ள வீடுகளில் எல்லாரும் கயிற்றைத் தேடுவார்கள். தண்ணீர் ஏறி மோட்டார் முழுகுவதற்குள் அதை மேலே தூக்கியாக வேண்டும்.

நான் பிஎஸ்சி இயற்பியல் படித்துவிட்டு இந்த வீட்டுக்கு வந்தவள். என் கணவர் கோபம் வந்தால் என்னைக் "காத்தப் படிச்சவ" என்பார். காரணம் ஒரு பட்டு நூல். மூடியில் குழாய் வெளியேறும் ஓட்டையில் ஒரு கழிவு நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. காற்றே இல்லாத நாளிலும் அது ஆடுவதைத் துணி துவைக்கும்போது பார்த்தேன். அதை அங்கேயே முடிபோட்டு வைத்தேன். காலையில் நூலை ஓட்டை உள்ளே இழுக்கும். மத்தியானத்துக்குமேல் வெளியே தள்ளும். தினமும் இப்படித்தான்.

நம் தலைக்குமேல் அடுக்கடுக்காகக் காற்று இருக்கிறது. மேல் அடுக்குகளில் பெயருக்குத்தான் காற்று. பெரும்பங்கு நாம் வாழும் கீழடுக்கிலேயே அடைந்து கிடக்கிறது. மழையும் புயலும் இங்கேதான். அத்தனைக்கும் எடை உண்டு. அந்த எடை கொஞ்சம் கூடினால் கிணறு காற்றை உள்ளே வாங்கும், குறைந்தால் வெளியே விடும். பாறை இடுக்குகளில் நெடுநாள் கிடந்து, பிராணவாயு தீர்ந்துபோன காற்றும் அதோடு சேர்ந்து வரும். அதில் நெருப்பும் எரியாது, ஆளும் பிழைக்க மாட்டான். இதைக் கணவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை.

போன ஐப்பசியில் ஒருநாள் காலை, நூல் உள்ளே போகவில்லை. ஓட்டைக்குமேல் விறைத்து நின்றது. வெயில் ஏறியும் இறங்கவில்லை. காதை வைத்தால் உஸ் என்று மெல்லிய சத்தம். டிவியில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்றார்கள். கணவர் தகரக் கதவைத் திறந்து போட்டுவிட்டுக் கயிறு வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். திரும்பியவர் பட்டறை ஆட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டார்.

"இருங்க, மொதல்ல கற்பூரம் விட்டுப் பாக்கலாம்" என்றேன்.

தகர டப்பாவில் கற்பூரத்தைக் கொளுத்திக் கயிற்றில் இறக்கினேன். ஓர் ஆள் உயரம்கூடப் போகவில்லை, அணைந்தது.

"கற்பூரம் ஈரம்டி. வேற கொளுத்து."

வேறு கொளுத்தினேன். அதே இடத்தில் அணைந்தது.

"மழ வந்துகினு இருக்குது, மோட்டாரு முழுகிட்டா யாரு பதில் சொல்றது? பேஜாரு பண்ணாத, ஜல்தியா நகரு" என்று ஒரு காலை உள்ளே வைத்தார்.

அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். தகரக் கதவைச் சாத்தி அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். "என்ன தூக்கிப் போட்டுட்டு எறங்குங்க" என்றேன். ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் சுவர்மேல் எட்டிப் பார்த்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. எனக்குக் கீழே அந்த உஸ் சத்தம் நிற்கவே இல்லை. வானம் ஈயப் பாத்திரம்போல் மங்கி வந்தது. இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். அவர் கயிற்றை அவிழ்த்து எறிந்துவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

புயல் ஆந்திரா பக்கம் போய்விட்டது. இங்கே வெறும் தூறல். "பாத்தியா? இன்னா ஆச்சு? ஊரே சிரிக்குது" என்றார்.

வானம் வெளுத்த பிறகு ஒருநாள் காலையில் நூல் பழையபடி உள்ளே இழுபட்டது. கற்பூரம் தண்ணீர்வரை எரிந்துகொண்டே போனது. அடுத்த மழை வருவதற்குள் மோட்டாரைத் தூக்கிவிடலாம் என்று கணவர் இறங்கினார். மேடைக்குப் போனவரிடமிருந்து சத்தமே இல்லை. கதவோரம் மண்டியிட்டுக் குனிந்து கத்தினேன்.

"இன்னாங்க? இன்னாங்க ஆச்சு?"

ஏறி வந்தார். தோள் துண்டில் எதையோ சுற்றி எடுத்து வந்திருந்தார். விரித்தார். செத்துப்போன இரண்டு புறா. அன்று கதவு திறந்து கிடந்தபோது உள்ளே போயிருக்க வேண்டும். உடம்பில் ஒரு காயமில்லை.

"மோட்டாரு பக்கத்துலயே கெடந்துச்சிடி" என்றார். "நான் நிக்க வேண்டிய எடத்துல."

தகரக் கதவைச் சாத்தினார். நான் அன்று உட்கார்ந்திருந்த இடத்திலேயே போய் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.