கணவர் டாக்டரிடம் பேசிய வீரம்

திருத்தணி மதராஸுக்கும் எங்கள் சித்தூர் ஆந்திராவுக்கும் என்று எல்லை முடிவான சமயம். லாரி ஓட்டிய என் கணவருக்கு விபத்தில் வலது கை விளங்காமல் போனது. மாதாமாதம் தரவேண்டிய இன்சூரன்ஸ் பணத்தைக் கேட்டதற்கு, இன்சூரன்ஸ் கம்பெனி மறுத்துக் கடிதம் அனுப்பியது. ஆங்கிலக் கடிதத்தைச் சர்ச் பாதிரியார் படித்துச் சொன்னார்: "எல்லா வேலையும் செய்வேன்னு கம்பெனி அனுப்பின டாக்டர்கிட்ட இவரே சொன்னாராம். அதான் காரணம்."

நான் கணவரைப் பார்த்தேன்.

"எப்படிக்கீறேன்னு கேட்டார். நல்லாக்கீறேன்னேன். ஆம்பளை அழுதுகினா நிப்பான்?" என்றார்.

"வீட்ல ஒரு செம்புத் தண்ணி மொள்ள மாட்டீங்க. அங்க மட்டும் எல்லா வேலையும் செய்வீங்களா?"

பாதிரியாரே சிரித்துவிட்டார். மறுபடி மனுப் போடலாம் என்று கடிதத்தின் கடைசியில் இருந்தது. போட்டோம்.

இம்முறை திருப்பதியில் வேறு டாக்டர். நானும் கூடப் போனேன். அவர் தெலுங்கில் நலம் கேட்டதுமே இவர், "பாகுன்னானு சார்" என்று பழைய 'நல்லாக்கீறேன்' பாட்டை ஆரம்பித்தார்.

"அந்தக் கையால சட்டைப் பொத்தானைப் போடச் சொல்லுங்க சார்" என்றேன்.

வெகுநேரம் முயன்றார். ஒன்றுகூட ஏறவில்லை. நானே போட்டுவிட்டேன். டாக்டர் எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். வழியில் பாகாலாவில் பஸ் நின்றதும் இறங்கி வேர்க்கடலை வாங்கிவந்து என் மடியில் வைத்தார். கிறிஸ்துமஸுக்கு முன்பே பணம் வரத் தொடங்கியது.