ரிப்பன் கட்டிய அலமாரி

போத்தனூரில் ஓர் அறக்கட்டளை நடத்திய சமுதாயக் கல்லூரியில் செவ்வந்தி நூலக உதவியாளராக இருந்தாள். கல்லூரி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தையலும் டைப்பும் ஃப்ரிட்ஜ் ரிப்பேரும் சொல்லிக் கொடுத்தார்கள். பத்தாவது தேறாதவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். நூலகத்தில் புத்தகங்களைவிடச் செய்தித்தாளுக்குத்தான் கிராக்கி. காலையில் வந்ததும் வேலைவாய்ப்பு விளம்பரங்களை வெட்டி வாசல் பலகையில் ஒட்டுவது செவ்வந்தியின் வேலை. பசை காய்வதற்குள் கூட்டம் நெருக்கியடிக்கும். அதைப் பார்த்துப் போன யாருக்காவது வேலை கிடைத்துவிட்டால், தனக்கே கிடைத்த மாதிரி அன்று முழுவதும் சிரித்த முகமாக இருப்பாள். எதிர்த்து ஒரு சொல் பேசத் தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்கு என்ன கதி என்பது தெரிந்ததுதானே.

அவள் கணவர் மயில்சாமி ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். சர்க்கரை கண்ணுக்கு ஏறியதும் இனி வேலைக்கு ஆகாது என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு கண் முன்பே போய்விட்டது. மற்றதற்கு லேசர் வைத்தும் சரியாகவில்லை. எப்போது வேண்டுமானாலும் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து இருட்டிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்துக்கோங்க" என்றும் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

மயில்சாமிக்குப் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு போட்டோ. ஆயுதபூஜையன்று ஷெட்டில் வாழைமரம் கட்டி, மாலை போட்டு நிறுத்திய நீராவி எஞ்சின். பக்கத்தில் காக்கிச் சட்டையில் அவர். அவர் தோளில் மகள் மாசாணி. ஆனைமலை அம்மனிடம் வேண்டிப் பெற்ற பிள்ளை. அடுத்த வருடமே மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்கென்று மிச்சமிருந்தது இந்த ஒரு படம்தான். அதில் அவள் முகம் கட்டைவிரல் நகத்தளவு இருக்கும். காலையில் எழுந்ததும் மயில்சாமி அதை ஜன்னலோரம் கொண்டுபோய், மூக்கு உரச வைத்துக்கொண்டு பார்ப்பார். அதற்குப் பிறகுதான் காப்பி.

தொண்ணூற்றேழாம் வருடம், ஆனி மாதம், நூலகத்தில் ஒரு கண்காட்சி வைக்க ஏற்பாடு நடந்தது. போத்தனூரும் ரயிலும் என்று தலைப்பு. பழைய விளக்கு, கொடி, டிக்கெட் என்று அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். நூலகர் ராமாமணிக்குத் திடீரென்று ஞாபகம் வந்துவிட்டது.

"செவ்வந்தி, உங்க ஊட்டுல எஞ்சின் படம் ஒண்ணு இருக்குதுன்னியே, குடு கண்ணு. தொறப்பு விழா முடிஞ்சதும் திருப்பித் தந்தர்றேன். நம்ம போட்டோக்காரர்கிட்டச் சொல்லி அதையே பெருசாவும் போட்டுத் தர்றேன்."

பெரிதாக என்ற சொல்லில்தான் செவ்வந்தி விழுந்தாள். ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கலாம் என்று வருடக்கணக்காகப் பேசியிருக்கிறார்களே தவிர, படத்தை வீட்டைவிட்டு அனுப்ப மயில்சாமிக்கு மனசு வந்ததில்லை. இந்த முறை அவரே துண்டில் சுற்றிக் கொடுத்தார்.

"நாலு நாளுதான? பெருசா வந்தா பாப்பா மூஞ்சி நல்லாத் தெரியும் புள்ள. கொண்டு போ."

புதுக் கண்ணாடி அலமாரியில், மேல் தட்டில், படத்தை நடுநாயகமாக வைத்தார்கள். கல்லூரிச் செயலாளர் நரசிம்மலு கற்பூரம் காட்டி, அலமாரியைப் பூட்டி, வெள்ளைத் துணியால் மூடி, குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டினார். சாவி அவர் சட்டைப் பைக்குள் போயிற்று. மறுநாள் சென்னையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்து ரிப்பன் வெட்ட வேண்டும். வரவில்லை. அவசரக் கூட்டமாம். வேறொரு தேதி கொடுத்தார்; அதற்கும் வரவில்லை. இந்தச் சிறப்பு விருந்தினர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாய்தான் கெட்டுப்போகும். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யார் புதுக் காரியம் தொடங்குவார்கள்? விழா ஆவணிக்குத் தள்ளிப் போயிற்று.

வீட்டில் மயில்சாமி காலையில் எழுந்ததும் வழக்கம்போல ஜன்னலோரம் போவார். அங்கே போன பிறகுதான் கையில் படம் இல்லை என்பது நினைவு வரும். திரும்பி வந்து உட்காருவார்.

செவ்வந்தி ராமாமணியிடம் போனாள்.

"மேடம், எம்பட படத்த மட்டும் எடுத்துக்கட்டுங்களா? விழாவுக்கு மொத நாளு கொண்டாந்து வெச்சுப்போடறேனுங்க."

"எங்கைல சாவி இல்லியே கண்ணு. வா, செகரட்டரிகிட்டக் கேக்கலாம்."

நரசிம்மலு இருவரையும் உட்காரவைத்துக் காப்பி வரவழைத்தார். செவ்வந்தி சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"அவருக்குக் கண்ணு எப்ப வேணாலும் போயிருமுன்னு டாக்டர் சொல்லீருக்காருங்க ஐயா" என்றாள்.

"அடடா" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். "ஆனா பூசை போட்டுக் கட்டின ரிப்பனம்மா. விருந்தாளி கை படறதுக்கு முந்தி நாமளே அவுத்துப்போட்டா நல்லாவா இருக்கும்? அதும் ஆடில. மாசாணியம்மனக் கும்புட்டுக்க, ஒண்ணும் ஆகாது. ஆவணி மொத முகூர்த்தத்துல உம்பட படம் உங்கைல இருக்கும்."

முடியாது என்று யாருமே சொல்லவில்லை. இந்தப் பக்கத்து மரியாதையில் மறுப்புகூட ஒரு டம்ளர் காப்பியோடுதான் வரும். செவ்வந்தி அந்தக் காப்பியைக் குடித்துவிட்டு, "செரிங்க" என்று எழுந்து வந்தாள். வெளியே வந்த பிறகுதான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கண்ணாடியைக் கல்லால் உடைத்துவிட்டால் என்ன என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி.

ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், மயில்சாமியைக் கைப்பிடித்து நூலகத்துக்கு அழைத்துவந்தாள். ரிப்பன் கலையாமல் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தாள். அவர் குனிந்து உள்ளே நுழைந்து கண்ணாடியில் நெற்றியை ஒட்டினார்.

"எங்க புள்ள?"

"நேராங்க. மேல் தட்டுல."

"எஞ்சினாட்ட என்னமோ தெரியுது."

"அதுக்குப் பக்கத்துலதானுங்க பாப்பா."

வெகுநேரம் பார்த்தார். "கறுப்பாத்தான் தெரியுது" என்றார்.

படத்துக்கும் அவர் கண்ணுக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. கையில் கொடுத்திருந்தால் பார்த்திருப்பார். அவர் மூக்கு பட்ட தடம் கண்ணாடியில் தெரிந்தது. யாராவது பார்த்துக் கேட்டுவிடுவார்களே என்று செவ்வந்தி முந்தானையால் அதைத் துடைத்துவிட்டுத் துணியை இறக்கினாள்.

"ஆவணி வரட்டும் உடு" என்றார் அவரும்.

ஆடிப்பெருக்கு முடிந்த வாரத்தில், இட்லி தின்றுகொண்டிருந்தவர் தட்டில் எறும்பு ஓடுகிறது என்று விரலால் துடைத்தார். துடைக்கத் துடைக்க எறும்பு போகவில்லை. தட்டில் எறும்பே இல்லை என்பது செவ்வந்திக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலத்துக்குள் எல்லாம் இருட்டிவிட்டது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே மருந்து எழுதினார்.

ஆவணியில் அதிகாரி வந்தார். ரிப்பனை வெட்டினார். எஞ்சின் படத்தின் முன்னால் நின்று "பியூட்டிஃபுல்" என்றார். பிறகு முந்திரி பக்கோடா சாப்பிடப் போனார். செவ்வந்தி மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டினாள். வேறு என்ன செய்வது?

போட்டோக்காரர் படத்தை எடுத்துப்போய், மறுவாரம் பெரிதாக்கிக் கொண்டுவந்தார். நரசிம்மலு தம் இரண்டு கையாலும் அதைக் கொடுத்தார். பழைய படத்தையும் துண்டில் சுற்றிப் பத்திரமாகத் தந்தார். ராமாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லோரும் நல்லவர்கள்தான்.

வீட்டுக்கு வந்து பிரித்தாள். காலண்டர் அளவுக்குப் படம், பளபளவென்று இருந்தது. எஞ்சின் படம் என்றுதான் போட்டோக்காரரிடம் சொல்லியிருந்தார்கள். அவரும் எஞ்சினை நடுவில் வைத்து, ஓரத்தை வெட்டிவிட்டார். மயில்சாமியின் தோள் பாதி இருந்தது. அந்தத் தோளிலிருந்து கொலுசு போட்ட ஒரு சின்னக் கால் தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

"பெருசா வந்துருக்குதா புள்ள?"

"வந்துருக்குதுங்க."

"பாப்பா மூஞ்சி?"

"எஞ்சின மட்டுந்தானுங்க போட்டிருக்கறாங்க. பாப்பா இல்லீங்க."

மயில்சாமி துண்டோடு இருந்த பழைய படத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "செரி உடு. அவிங்களுக்கு என்ன தெரியும்? சின்னதப் பாத்து நீ சொல்லு. எப்பிடி இருக்கறா?"

இத்தனை வருடத்தில் செவ்வந்தி அந்தப் படத்தை நேராகப் பார்த்ததே இல்லை. பார்க்கத் தெம்பில்லை. அவர் பார்க்கிற நேரத்தில் அடுப்படிக்குப் போய்விடுவாள். இப்போது ஜன்னலோரம் போய், படத்தைக் கண்ணருகே பிடித்தாள்.

"வெயிலு கண்ணுல அடிக்குதாட்ட இருக்குதுங்க. மூஞ்சியச் சுளிச்சுட்டு இருக்கறா."

"இல்ல புள்ள, நல்லாப் பாரு. சிரிச்சுட்டு இருப்பா."

மறுபடி பார்த்தாள். "ஆமாங்க. சிரிச்சுட்டுத்தான் இருக்கறா."

மயில்சாமியின் முகம் மலர்ந்துவிட்டது. "முன்னாடி ரெண்டு பல்லு உளுந்திருக்குமே, தெரியுதா?"

"தெரியுதுங்க" என்றாள் செவ்வந்தி. படத்தில் குழந்தையின் வாய் இறுக மூடியிருந்தது.